பீரோவில் உறங்கும் ஒளிநாடாக்கள்



உங்கள் இல்லத்துப் பீரோவின் மேல்தட்டை ஒருமுறை திறந்து பாருங்கள். வீட்டுப் பத்திரங்கள், காலாவதியான பாஸ்போர்ட்டுகள், நிக்காஹ் அழைப்பிதழ்கள் ஆகியவற்றிற்கிடையே, தீப்பெட்டியைக் காட்டிலும் சற்றே பெரிதான சின்னஞ்சிறு கேசட்டுகள் சில கிடக்கக்கூடும். துபையிலிருந்தோ, ஜித்தாவிலிருந்தோ, சிங்கப்பூரிலிருந்தோ விடுமுறையில் வந்தவர்கள், உள்ளங்கையில் அடங்கும் வீடியோ கேமராக்களை வாங்கி வந்த காலம் ஒன்றிருந்தது. 2000ஆம் ஆண்டை ஒட்டிய அக்காலத்தில் அவற்றால் பிடிக்கப்பட்ட காட்சிகள்தாம் அக்கேசட்டுகளில் அடங்கியுள்ளன. குழந்தை முதன்முதலில் நடந்தது, இளைய சகோதரியின் திருமணம், பெருநாளன்று திண்ணையில் அமர்ந்து பேரப்பிள்ளைகளுக்குப் பெருநாள் காசு கொடுக்கும் பாட்டனார் என்று எத்தனையோ காட்சிகள்! அவற்றில் காணப்படுவோருள் பலர் இன்று நம்மோடு இல்லை.

‘கேசட்தான் பத்திரமாக இருக்கின்றதே, பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று நாம் எண்ணுகின்றோம். கேசட் பத்திரமாக இருப்பது வேறு. அதனுள் இருப்பதை எடுக்க இயல்வது வேறு. இவ்விரண்டிற்கும் இடையே உள்ள தூரம் ஆண்டுதோறும் அதிகரித்து வருகின்றது. ஆகவே அக்கேசட்டுகளில் உள்ளவற்றை நம் வீட்டுக் கணினிக்கு எவ்வாறு மாற்றுவது, ஏன் அதனை இவ்வாண்டிலேயே செய்திடல் வேண்டும் என்பன குறித்து இம்மாதம் காண்போம்.

கேசட்டினுள் இருப்பது யாது?

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிக் கொள்வோம். இக்கேசட்டின் மீது ‘மினி டீவீ’ என்று பொறிக்கப்பட்டிருக்கும். ஈண்டு ‘டீவீ’ என்பது தொலைக்காட்சியைக் குறிப்பதன்று. ‘டிஜிட்டல் வீடியோ’ என்பதன் சுருக்கமேயாகும். 1995ஆம் ஆண்டில் ஜப்பானிய நிறுவனங்கள் பலவும் கூடி உருவாக்கிய பொதுமுறை இது. அதற்கு முற்பட்ட வி.எச்.எஸ். கேசட்டுகளில் படமானது காந்த அலைகளாகப் பதிவாயிற்று. ஒரு கேசட்டிலிருந்து மற்றொன்றிற்குப் பிரதி எடுக்குந்தோறும் படம் மங்கியது. மினி டீவீயிலோ படமும் ஒலியும் எண்களாகவே பதிவாகின்றன.

இதன் அமைப்பு வியப்பிற்குரியது. நாடாவின் அகலம் 6.35 மில்லிமீட்டர்தான். கேமராவினுள் இருக்கும் சிறு உருளை ஒன்று நிமிடத்திற்கு 9,000 முறை சுழன்று, அந்நாடாவின் மீது சாய்வான கோடுகளாகச் செய்தியை எழுதுகின்றது. ஒவ்வொரு கோட்டின் அகலமும் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கேயாகும். நம் நாட்டில் வழங்கும் பி.ஏ.எல். முறையில் ஒரு வினாடிக்கு 25 படங்கள். ஒரு படத்திற்கு 12 கோடுகள். எனவே ஒரு வினாடியில் 300 கோடுகள் எழுதப்படுகின்றன. ஒரு மணி நேரக் கேசட் ஒன்றில் 90,000 படங்கள் அடங்கியிருக்கின்றன.

இவை எண்களாக இருப்பதனால் நமக்கு ஒரு பெரும் நன்மை உண்டு. கேசட்டில் இருக்கும் எண்களை அவ்வாறே கணினிக்குக் கொண்டு செல்வோமாயின், படத்தின் தரம் இம்மியளவும் குறையாது. ஒரு புத்தகத்தைப் பார்த்து ஓவியம் வரைவது போன்றதன்று இது. எழுத்துக்கு எழுத்து அப்படியே படியெடுப்பது போன்றதாகும்.

ஆனால் இதில் ஓர் ஆபத்தும் மறைந்துள்ளது. வி.எச்.எஸ். கேசட் பழுதடையும்போது, படத்தில் புள்ளிகள் தோன்றும், நிறம் மங்கும், ‘நான் தேய்ந்து வருகின்றேன்’ என்று அது முன்னரே அறிவித்துவிடும். மினி டீவீ கேசட் அவ்வாறு அறிவிப்பதில்லை. நாடாவில் சிற்சில எண்கள் அழிந்தாலும், எஞ்சியவற்றைக் கொண்டு கேமரா தானே கணக்கிட்டுச் சரிசெய்து, குறையற்ற படத்தையே காட்டும். அழிவு ஓர் எல்லையைக் கடந்துவிட்டால், படம் திடீரென்று கட்டம் கட்டமாகச் சிதறும், ஒலி அறுபடும். நேற்று வரை நன்றாக ஓடியது என்பது நாளையும் ஓடும் என்பதற்கு உத்தரவாதமாகாது.

மூப்படையும் மூன்று

இன்று மூன்று பொருள்கள் ஒருசேர மூப்படைந்து கொண்டிருக்கின்றன.

முதலாவது நாடா. கடற்கரையை ஒட்டிய நம் ஊர்களின் ஈரக்காற்று நாடாவிற்குப் பகைவன். பூஞ்சை படர்வதற்கு அதுவே காரணம்.

இரண்டாவது கேமரா. நாடாவை இழுக்கும் ரப்பர் உருளை இறுகிவிடுகின்றது; சிறு பல்சக்கரங்கள் உடைகின்றன; படிக்கும் காந்தத் தலை தேய்கின்றது. இவ்வகைக் கேமராக்கள் இப்போது உற்பத்தி செய்யப்படுவதில்லை. பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் அருகி வருகின்றனர்.

மூன்றாவதே பலரும் எண்ணிப் பாராதது. அது கேமராவையும் கணினியையும் இணைக்கும் பாதை. ‘ஃபயர்வயர்’ என்று அதற்குப் பெயர். சோனி நிறுவனம் அதனையே ‘ஐ லிங்க்’ என்று அழைத்தது. வேறு சில கேமராக்களில் ‘டீவீ’ என்று மட்டுமே எழுதப்பட்டிருக்கும். ஒரு காலத்தில் கணினிகள் பலவற்றில் இதற்குரிய துளை இருந்தது. இன்று கடைகளில் விற்கும் கணினிகளில் அது இல்லை. ஆப்பிள் நிறுவனம் 2025ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘மேக் ஓ.எஸ். 26’ முதல் ஃபயர்வயருக்கான ஆதரவை முற்றிலுமாக நீக்கிவிட்டது. லினக்ஸ் அமைப்பில் இதனைப் பராமரிப்போர் 2029ஆம் ஆண்டு வரை பராமரிப்பதாகத் திட்டமிட்டுள்ளனர்.

நாடா நன்றாக இருந்து கேமரா இல்லையெனினும் பயனில்லை. இரண்டும் இருந்து பாதை இல்லையெனினும் பயனில்லை. மூன்றும் ஒருசேரக் கிடைக்கும் காலம் இன்னும் முடிந்துவிடவில்லை. ஆனால் முடிந்து கொண்டிருக்கின்றது.

தேவையான பொருள்கள்

முதலில் உங்களிடம் இருக்கும் கேசட் எவ்வகையினது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ‘மினி டீவீ’ எனில் மேற்கூறியவாறு சிறியதாக இருக்கும். ஆடியோ கேசட் அளவில் இருந்து, ‘8’ என்னும் எண்ணோ ‘ஹை 8’ என்றோ காணப்படுமாயின், அது வேறு வகை. 1999ஆம் ஆண்டில் சோனி வெளியிட்ட ‘டிஜிட்டல் 8’ கேமராக்களும் அதே கேசட்டுகளையே பயன்படுத்தின. ஆகவே கேசட்டுடன் கேமராவையும் பார்த்தே முடிவு செய்தல் வேண்டும். டிஜிட்டல் 8 கேமராக்களுக்கும் இங்குச் சொல்லப்படும் முறையே பொருந்தும்.

அமெரிக்காவிலோ ஜப்பானிலோ வாங்கிய கேமராவாயின், அது என்.டி.எஸ்.சி. முறையில் இருக்கும். அதில் பதிவான கேசட்டை நம் நாட்டுக் கேமராவில் இட்டால் ஒழுங்காக ஓடாது. அத்தகைய கேசட்டுக்கு அம்முறையைச் சார்ந்த கேமராவே தேவை.

கேமரா பழுதாகி இருப்பின், உறவினர் இல்லங்களில் விசாரியுங்கள். ஒரே ஊரில் நான்கு வீடுகளில் கேட்டால் ஒன்றிலேனும் ஓடும் நிலையில் ஒரு கேமரா இருக்கும். திருமண வீடியோ எடுத்துவந்த பழைய ஸ்டுடியோக்காரர்களிடமும் கேட்கலாம்.

அடுத்து கணினி. இதற்குப் புத்தம் புதிய கணினி தேவையில்லை என்பதே மகிழ்ச்சிக்குரிய செய்தி. கேசட்டிலிருந்து வரும் செய்தியின் அளவு வினாடிக்கு 3.6 மெகாபைட்தான். பரண் மீது கிடக்கும் பழைய மேசைக் கணினியில் ஃபயர்வயர் துளை இருக்குமாயின், அதுவே போதுமானது. எனினும் விண்டோஸ் எக்ஸ்.பி. போன்ற பழைய அமைப்புகளுக்கான பாதுகாப்பு ஆதரவு என்றோ நின்றுவிட்டது. எனவே அக்கணினியை இணையத்துடன் இணைக்காமல், இப்பணிக்கு மட்டும் பயன்படுத்துங்கள். புதிய மேசைக் கணினியாயின், ‘பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ்’ ஃபயர்வயர் அட்டை ஒன்றை வாங்கி உள்ளே பொருத்திக் கொள்ளலாம். விண்டோஸின் புதிய பதிப்புகளில் அட்டை ஒத்துழைக்க மறுத்தால், ‘லெகசி 1394’ என்னும் பழைய இயக்கியை நிறுவிப் பாருங்கள்.

இணைப்புக் கம்பி வாங்குவதில் கவனம் தேவை. கேமராவின் துளை பெரும்பாலும் 4 பின் கொண்ட சிறியது. கணினியின் துளை 6 பின் கொண்டதாகவோ, பிற்காலத்தில் வந்த 9 பின் கொண்டதாகவோ இருக்கும். இரு முனைகளையும் பார்த்து அதற்கேற்ற கம்பியையே கேட்டு வாங்குங்கள்.

ஒரு முனையில் ஃபயர்வயரும் மறுமுனையில் யூ.எஸ்.பி.யும் கொண்ட மலிவான கம்பிகள் சில விற்கப்படுகின்றன. அவற்றை வாங்கி ஏமாற வேண்டாம். இரண்டும் வேறு வேறு மொழி பேசுபவை. வெறும் கம்பியினால் ஒன்றை மற்றொன்றாக மாற்றவியலாது. அவ்வாறே, கேமராவிலேயே யூ.எஸ்.பி. துளை ஒன்று இருப்பதைக் கண்டு பலர் அதில் இணைத்துப் பார்க்கின்றனர். பெரும்பாலான மினி டீவீ கேமராக்களில் அது, மெமரி கார்டில் உள்ள புகைப்படங்களை எடுப்பதற்கோ, தரம் குறைந்த படத்தை அனுப்புவதற்கோ வைக்கப்பட்டதாகும். நாடாவில் உள்ள முழுத் தரமும் அதன் வழியே வாராது.

செய்முறை

இனி மாற்றும் முறையைப் படிப்படியாகக் காண்போம்.

ஒன்று: கேசட்டை வெளிச்சத்தில் பிடித்து, அதன் சிறு கண்ணாடி வழியே நாடாவின் விளிம்பைப் பாருங்கள். வெண்ணிறத் தூளோ, படலமோ தென்படின் அது பூஞ்சையாக இருக்கலாம். அக்கேசட்டைக் கேமராவில் இடவே வேண்டாம். அது காந்தத் தலையைக் கெடுப்பதுடன், அடுத்து இடும் கேசட்டுகளுக்கும் பரவும். அதனைத் தனியே ஓர் உறையிலிட்டு, தொழில் தெரிந்தவரிடம் ஒப்படைக்க ஒதுக்கி வையுங்கள்.

இரண்டு: கேசட்டின் முதுகுப்புறத்தில் சிறு தாழ் ஒன்று உண்டு. அதனை ‘சேவ்’ என்னும் பக்கம் தள்ளிவிடுங்கள். தவறிப் பதிவுப் பொத்தானை அழுத்தினாலும் பழைய காட்சி அழியாது. இவ்வொரு வினாடி வேலையை எக்காரணத்தாலும் விட்டுவிடலாகாது.

மூன்று: குளிரூட்டப்பட்ட அறையிலிருந்து வெளியே கொண்டுவந்த கேமராவை உடனே இயக்காதீர்கள். உள்ளே நீர்த்துளி படியும். ஈரமான உருளையில் நாடா ஒட்டிக்கொள்ளும். ஒரு மணி நேரமேனும் கழிந்த பின்னர் இயக்குங்கள்.

நான்கு: பேட்டரியை நம்பாமல், அடாப்டர் மூலம் நேரடி மின்சாரத்தில் கேமராவை இயக்குங்கள். முதலில் முக்கியமில்லாத கேசட் ஒன்றை இட்டுக் கேமரா ஒழுங்காக இழுக்கின்றதா, வெளித் தள்ளுகின்றதா என்று சோதியுங்கள். பல்லாண்டுகள் அசையாதிருந்த கேசட்டை ஒருமுறை இறுதிவரை ஓட்டி, மீண்டும் தொடக்கத்திற்குச் சுற்றினால் நாடாவின் இறுக்கம் சீராகும்.

ஐந்து: கேமராவும் கணினியும் அணைந்திருக்கும்போதே கம்பியைச் செருகுங்கள். 6 பின் முனையில் மின்சாரமும் வருவதால், அதனைத் திருப்பிச் செருகினால் கேமராவின் துளை கருகிவிடக்கூடும். எளிதில் நுழையவில்லையெனில் வலிந்து திணிக்க வேண்டாம்.

ஆறு: கேமராவை ‘வி.சி.ஆர்.’ அல்லது ‘பிளே’ நிலையில் வையுங்கள். கணினியில் இதற்கான மென்பொருளைத் திறவுங்கள். விண்டோஸில் ‘வின் டீவீ’ என்னும் சிறிய இலவச மென்பொருளும், லினக்ஸில் ‘டீவீ கிராப்’ என்பதும், பழைய மேக் கணினிகளில் ‘ஐ மூவி’யும் இப்பணியைச் செய்கின்றன. எக்ஸ்.பி. கணினியின் ‘மூவி மேக்கர்’ வழியே செய்வதாயின், தரத்தைக் கேட்கும் இடத்தில் ‘டீவீ ஏ.வி.ஐ.’ என்பதையே தேர்ந்தெடுங்கள். அதுவாகக் காட்டும் தேர்வை ஏற்றால், படத்தைச் சுருக்கிவிடும்.

ஏழு: மென்பொருளில் பதிவைத் தொடங்கி, கேசட்டை ஓடவிடுங்கள். ஒரு மணி நேரக் கேசட் மாறுவதற்கு ஒரு மணி நேரமே ஆகும், விரைவுபடுத்த வழியில்லை. அவ்வேளையில் கணினியில் வேறு பணி எதுவும் செய்ய வேண்டாம். இடையில் விடுபட்ட படங்கள் எத்தனை என்பதை மென்பொருள் காட்டும். அவ்வெண்ணிக்கை பூஜ்யமாக இருத்தல் நலம். விடுபட்டிருப்பின் அப்பகுதியை மீண்டும் மாற்றுங்கள்.

படம் கட்டம் கட்டமாகச் சிதறினால் உடனே நாடாவைக் குறை கூற வேண்டாம். காந்தத் தலையில் தூசி படிந்திருப்பதே பெரும்பாலும் காரணமாக இருக்கும். இதற்கென விற்கும் துப்புரவுக் கேசட்டை, அதில் குறிப்பிட்டுள்ள சில வினாடிகள் மட்டும் ஓட்டிப் பாருங்கள். நீண்ட நேரம் ஓட்டினால் தலையே தேய்ந்துவிடும். அதன் பின்னும் சிதறினால் வேறு கேமராவில் முயலுங்கள். ‘எல்.பி.’ என்னும் நீட்டிப்பு முறையில் பதிவான நாடாவில் கோடுகள் மேலும் நெருக்கமாக இருக்கும். அவற்றைப் பதிவு செய்த அதே கேமராவே நன்கு படிக்கும்.

ஃபயர்வயர் பாதை எவ்வகையிலும் அமையவில்லையெனில், இறுதி வழி ஒன்று உண்டு. மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகள் கொண்ட ஏ.வி. கம்பியைக் கேமராவில் செருகி, யூ.எஸ்.பி. பதிவுக் கருவியின் மூலம் கணினிக்கு மாற்றலாம். தரம் சற்றுக் குறையும். எனினும் ஒன்றுமே இல்லாமற் போவதினும் இது மேலானது.

அசல் எது, பிரதி எது?

ஒரு மணி நேரக் கேசட் கணினியில் சுமார் 13 ஜிகாபைட் இடத்தைப் பிடிக்கும். 20 கேசட்டுகள் எனில் 260 ஜிகாபைட். ஒரு டெராபைட் கொள்ளளவுள்ள ஹார்டு டிஸ்க்கில் ஏறத்தாழ 75 கேசட்டுகள் அடங்கும். சிலருக்குப் பதிவு 20 நிமிடத்திற்குள் தானே நின்றுவிடும். அவர்களுடைய டிஸ்க் பழைய ‘ஃபேட் 32’ முறையில் அமைந்திருப்பதே காரணம். அதில் 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்பு நில்லாது. டிஸ்க் காலியாக இருக்கும்போதே அதனை வேறு முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

‘இவ்வளவு பெரிதாக எதற்கு? சிறிதாக்கி வைத்துக்கொள்வோமே’ என்று பிள்ளைகள் கூறுவார்கள். செல்பேசியில் பார்க்கவும் உறவினர்க்கு அனுப்பவும் எம்.பி. 4 வடிவில் சிறிய பிரதி எடுத்துக்கொள்ளுங்கள், தவறில்லை. ஆனால் முதலில் மாற்றிய பெரிய கோப்பை அழித்துவிடாதீர்கள். அதுவே அசல், சிறியது நகல். அசலிலிருந்து எத்தனை நகலும் எடுக்கலாம். நகலிலிருந்து அசலை மீட்க இயலாது. வாட்ஸ் அப் வழியே அனுப்பும் படம் மேலும் சுருங்கிவிடுமாதலால், அதனைச் சேமிப்பாகக் கருத வேண்டாம்.

அசல் கோப்பு ஒரே இடத்தில் இருப்பதும் ஆபத்தே. ஹார்டு டிஸ்க்கும் ஒருநாள் நின்றுவிடும். எனவே இரு டிஸ்க்குகளில் இட்டு, ஒன்றை வேறோர் ஊரில் வசிக்கும் மகனிடமோ சகோதரியிடமோ கொடுத்து வையுங்கள். ஓராண்டுக்கு ஒருமுறையேனும் இரண்டையும் இயக்கிப் பாருங்கள். மாற்றிய பின் கேசட்டுகளையும் எறிந்துவிடாதீர்கள். நன்கு சுற்றி, அதன் பெட்டியிலிட்டு, நிமிர்த்திய நிலையில், ஈரமும் வெப்பமும் இல்லாத இடத்தில் வையுங்கள்.

இது ஓர் அமானிதம்

கடையில் கொடுத்தாலே மாற்றித் தருவார்களே, வீட்டில் ஏன் இவ்வளவு சிரமம் என்று கேட்கலாம். ஒரு காரணம் உண்டு. அக்காலத்தில் வீட்டினுள் எடுத்த காட்சிகள் வீட்டாருக்கென்றே எடுக்கப்பட்டவை. சமையலறையில் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும் நம் பெண்கள், இது நம் வீட்டுப் பீரோவைத் தாண்டாது என்ற நம்பிக்கையில் கேமராவின் முன் நின்றார்கள். அது அவர்கள் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். முன்பின் அறியாதவரின் கணினியில் அதன் பிரதி தங்கிவிடுவதை அவர்கள் ஒருபோதும் விரும்பியிருக்க மாட்டார்கள்.

கடையில் கொடுத்தே ஆக வேண்டிய நிலை ஏற்படின், நம்பிக்கைக்குரியவராகப் பார்த்துக் கொடுங்கள். வீட்டார் ஒருவர் உடனிருங்கள். டி.வி.டி.யாக அன்றி, டீவீ கோப்பாகவே ஹார்டு டிஸ்க்கில் கேட்டுப் பெறுங்கள். டி.வி.டி.யாக மாற்றும்போது படம் மேலும் சுருக்கப்படுகின்றது. பணி முடிந்ததும் அவர்களுடைய கணினியில் உள்ள பிரதி நீக்கப்பட்டதை நேரில் பார்த்துவிட்டு வாருங்கள். வீட்டில் மாற்றுவோரும், பெண்கள் இடம்பெறும் காட்சிகளை அவர்களைக் கேளாமல் குடும்பக் குழுக்களில் பரப்பிவிடக் கூடாது. இருபது ஆண்டுகளுக்கு முன்னர் அவர்கள் அளித்த சம்மதம் கேமராவுக்கு மட்டுமே. ஊரார் செல்பேசிகளுக்கு அன்று.

எம்மிடம் பயிலும் மாணவி ஒருவரின் இல்லத்தில் 11 கேசட்டுகள் இருந்தன. அவர்களுடைய கேமரா இயங்கவில்லை. உறவினர் ஒருவரின் கேமராவை வாங்கி, வெள்ளி தோறும் ஒன்றிரண்டாக மாற்றினர். ஒன்றில் பூஞ்சை, ஒதுக்கி வைத்தனர். ‘நிக்காஹ்’ என்று அழகாக எழுதி ஒட்டியிருந்த கேசட்டில் நிக்காஹ் இல்லை. அதன் மீதே பள்ளி ஆண்டு விழாவைப் பதிந்திருந்தார்கள். ஏதும் எழுதப்படாத ஒரு கேசட்டிலோ, அம்மாணவியின் மர்ஹூம் பாட்டனார், மூன்று வயதுப் பேரனை மடியில் இருத்தி ‘அலிஃப், பே’ சொல்லிக் கொடுத்துக் கொண்டிருந்தார். அப்பேரன் இன்று வெளிநாட்டில் பணிபுரியும் இளைஞர். தம் பாட்டனாரின் குரலை நினைவு தெரிந்த பின் அவர் கேட்டதே இல்லையாம். மேலே எழுதியிருப்பதை மட்டும் நம்பி, ‘இதில் ஒன்றுமில்லை’ என்று எந்தக் கேசட்டையும் ஒதுக்கிவிடாதீர்கள்.

இன்னும் ஒரு பணி

கணினிக்கு மாற்றியதுடன் பணி முடிந்துவிடவில்லை. கணினிக்குப் படம் தெரியும், மனிதர்களைத் தெரியாது. அக்கூட்டத்தில் இடப்புறம் நிற்பவர் யார், அந்தக் குழந்தை யாருடைய குழந்தை, அந்த வீடு எந்தத் தெருவில் இருந்தது என்பதெல்லாம் வீட்டுப் பெரியவர்களுக்கே தெரியும். மினி டீவீ நாடாவில் படத்துடன், பதிவு செய்த நாளும் நேரமும் கூட எழுதப்பட்டிருக்கும். ஆனால் கேமராவின் கடிகாரத்தைப் பலரும் சரிசெய்து வைப்பதில்லை. ஆகவே அதனையும் பெரியவர்களிடம் கேட்டே உறுதி செய்ய வேண்டும்.

ஒவ்வொரு கோப்பிற்கும் ஆண்டு, ஊர், நிகழ்ச்சி என்ற வரிசையில் பெயரிடுங்கள். பிறகு உம்மாவையும், வாப்பாவையும், பாட்டியாரையும் அமரவைத்து, காட்சிகளைப் போட்டுக் காட்டி, அவர்கள் சொல்லும் பெயர்களை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பிள்ளைகளும் உடனிருக்கட்டும். கேசட்டும், கேமராவும், கம்பியும் மூப்படைவதைப் பற்றி இவ்வளவு நேரம் பேசினோம். அவை அனைத்தையும் விட விரைந்து மறையக்கூடியது அப்பெரியவர்களின் நினைவே. கேமராவையேனும் வேறிடத்தில் தேடிப் பிடிக்கலாம். அதற்கு மாற்று எங்கே கிடைக்கும்?

எனவே இவ்வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின்னர், பீரோவைத் திறந்து கேசட்டுகளை எண்ணுங்கள். ஒவ்வொன்றின் தாழையும் ‘சேவ்’ பக்கம் தள்ளுங்கள். கேமரா யாரிடம் இருக்கின்றது என்று உறவினர்க்குத் தொலைபேசியில் பேசுங்கள். வாரம் இரண்டு கேசட்டுகள் என்று வைத்துக்கொண்டாலும், 20 கேசட்டுகள் பத்தே வாரங்களில் முடிந்துவிடும், இன்ஷா அல்லாஹ்.